ஆறாவது பெட்டி

"இன்னா சார், பாடறவங்கோ அந்தாண்ட கீறாங்கோ. நீ இன்னாத்துக்கு அந்தாளு காலை ஃபோட்டோ புட்சினு கீற?"

பொழிச்சலூரில் ஓர் அம்மன் கோயிலின் ஆடித் திருவிழா. சாயங்காலம் ஏழு மணி இருக்கும். தெருவை மறித்து மேடை போட்டு மெல்லிசைக் கச்சேரி நடந்துகொண்டிருந்தது. கேட்டவர் என் பக்கத்து நாற்காலியில் இருந்த அம்மா. மடியில் கூழ் வாங்கிய தூக்குச்சட்டி, தலையில் ஒரு முழம் மல்லி, கண்ணில் சந்தேகம்.

நான் ஃபோனைச் சட்டைப் பைக்குள் போட்டேன். "பழக்கதோஷம்மா" என்றேன். அவர் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

நான் படமெடுத்துக்கொண்டிருந்தது பேஸ் கிட்டார் வாசிக்கும் கஜா அண்ணாவின் காலை. செருப்பில்லாத வெறுங்கால். அந்தக் காலடியில் என் மானம் போய் அன்றைக்குச் சரியாக ஒரு மாதம் ஆகியிருந்தது. போன இடத்தையே திரும்பத் திரும்பப் பார்க்கத் தோன்றும் அல்லவா, அதற்குத்தான் வந்திருந்தேன்.

அந்த நேரத்தில் தலைக்கு மேல் ஒரு விமானம் இறங்கியது. ஏர்போர்ட் பக்கத்திலேயே இருக்கும் பொழிச்சலூர்க்காரர்களுக்கு அது ஒரு விஷயமே இல்லை. பேச்சைப் பாதியில் நிறுத்தி, விமானம் போனதும் அதே வார்த்தையிலிருந்து தொடர்வார்கள். ஆனால் மேடையில் இருப்பவர்கள் பாடு திண்டாட்டம். பாடகி காதில் கை வைத்துக்கொண்டார். கீபோர்டுக்காரர் டிரம்ஸ்காரரைப் பார்த்தார். டிரம்ஸ்காரர் கஜா அண்ணாவின் விரலைப் பார்த்தார். கஜா அண்ணா யாரையும் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு வாசித்துக்கொண்டே இருந்தார். விமானம் போனபிறகு கேட்டால், தாளம் ஒரு மயிரிழைகூட நகரவில்லை.

பக்கத்து அம்மா கைதட்டினார். நான் கைதட்ட மறந்து அவர் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏன் என்று சொல்வதற்கு மூன்று மாதம் பின்னால் போகவேண்டும்.

காலைப் பார்க்கும் வியாதி

இந்தத் தொடரை முதலிலிருந்து படிப்பவர்களுக்கு என் உத்தியோகம் தெரியும். புதிதாக வந்தவர்களுக்குச் சொல்கிறேன். திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் ஒரு சின்ன கம்பெனியில் தரம் பார்க்கிறவன். வெளியே செய்து வாங்கும் உதிரி பாகங்களை வெர்னியர் அளவுகோலால் அளந்து, இது சரி, இது ரிஜெக்ட் என்று பிரித்துப் போடுவது வேலை. ஊரில் பாதிப் பேருக்கு என்னைப் பிடிக்காது என்று தனியாகச் சொல்லவேண்டியதில்லை.

கல்லூரியில் பேஸ் கிட்டார் வாசித்தேன். வாசித்தேன் என்பது அதிகம், பிடித்துக்கொண்டு நின்றேன். மேடையில் யாரும் கவனிக்காத வாத்தியம் அது. நாலு தடித்த கம்பி, அடித்தொண்டைக் குரல். வாசிக்கும்போது யாருக்கும் தெரியாது, நிறுத்தினால் மட்டும் பாட்டு பொத்தென்று கீழே விழும். அப்படிப்பட்ட வாத்தியத்தின்மேல் ஆசை வைத்தவர்கள் கொஞ்சம் கிறுக்கர்களாகத்தான் இருப்பார்கள். நாங்கள் சில நூறு கிறுக்கர்கள் சேர்ந்து 'நாலு கம்பி' என்று ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருந்தோம்.

பேஸ் வாசிப்பவரின் காலடியில் சின்னச் சின்ன இரும்புப் பெட்டிகள் இருக்கும். பெடல் என்பார்கள். கிட்டாரிலிருந்து வரும் ஒலி இவற்றுக்குள் புகுந்துதான் ஸ்பீக்கருக்குப் போகும். ஒரு பெட்டி சத்தத்தின் மேடுபள்ளத்தைச் சமமாக்கும். இன்னொன்று கரகரப்பைச் சேர்க்கும். எந்தக் கலைஞர் எந்தப் பெட்டி வைத்திருக்கிறார் என்பதில்தான் அவருடைய தனி ஒலியின் சூட்சுமம் இருக்கிறது என்பது எங்கள் மதம். அதனால் பல கலைஞர்கள் பெட்டியின்மேல் உள்ள பெயரைக் கறுப்பு இன்சுலேஷன் டேப்பால் ஒட்டி மறைத்துவிடுவார்கள். மறைத்ததைக் கண்டுபிடிப்பது எங்கள் குழுவின் பொழுதுபோக்கு. அதில் நான் ராஜா.

என் முறை ரொம்ப எளிது. பெட்டியில் சொருகும் ஜாக் உலகம் முழுக்கக் கால் அங்குலம். படத்தில் அதை அளந்துவிட்டால் பெட்டியின் நீள அகலம் தானாக வந்துவிடும். அப்புறம் திருகுகள் எத்தனை, விளக்கு எந்த மூலையில், கால் எப்போது அழுத்துகிறது, அழுத்தியதும் ஒலி எப்படி மாறுகிறது. இத்தனையும் சேர்த்தால் டேப்புக்குக் கீழே இருப்பது தெரிந்துவிடும். "சம்பத் சார் சொல்லிட்டா அப்பீல் இல்லை" என்பார்கள் குழுவில். அந்த வாக்கியத்தை நான் வீட்டில் நாலைந்து தடவை வாசித்துக் காட்டியிருக்கிறேன். என் மனைவி வனஜா ஒவ்வொரு தடவையும், "பால் குக்கர் விசில் அடிக்குது, அதையும் கொஞ்சம் கண்டுபிடிங்க" என்பாள்.

கூப்பிட்டால் திரும்பாத மனுஷர்

கஜேந்திரன் என்கிற கஜா அண்ணாவுக்கு அப்போது ஐம்பதைத் தாண்டியிருக்கும். ராஜகீழ்ப்பாக்கத்தில் வீடு. தாம்பரம் வட்டாரத்தில் கல்யாண வரவேற்பானாலும் கோயில் திருவிழாவானாலும் அவர் வாசித்தால் அன்றைக்கு நாங்கள் சிலர் அழையா விருந்தாளியாகப் போய் உட்கார்ந்துவிடுவோம். அப்படி ஒரு ஒலி. நாற்காலியின் கால் வழியாக ஏறி வயிற்றில் வந்து உட்காரும்.

ஆனால் ஆள் மண்டைக்கனம் என்று ஒரு பேச்சு இருந்தது. அதைக் கிளப்பிவிட்டதில் எனக்கும் பங்கு உண்டு. கிழக்குத் தாம்பரத்தில் ஒரு மண்டபத்தில் பந்தியில் அவருக்கு இடதுபக்கம் எனக்கு இடம் கிடைத்தது. "அண்ணா, உங்க வாசிப்புன்னா எனக்கு உயிர்" என்றேன். மனுஷர் ரசத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார். கொஞ்சம் சத்தமாக இன்னொரு தடவை சொன்னேன். அப்பளத்தை நொறுக்கினார். மூன்றாவது தடவை சொல்ல என் ரோஷம் இடம் கொடுக்கவில்லை. அன்று ராத்திரியே குழுவில் எழுதினேன்: பெரிய ஆளு, நம்மகிட்ட எல்லாம் பேசமாட்டார்.

இதை இப்போது எழுதும்போது கை கூசுகிறது.

இன்னொன்று, அவர் எப்போதும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் மேடை ஏறுவார். நம் ஊரில் பலர் அப்படித்தான், மேடையைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு ஏறுவார்கள். ஆனால் இவர் பெடலைக்கூட வெறும் பெருவிரலால்தான் அழுத்துவார். பொத்தானை மிதிக்கமாட்டார், தட்டுவார். மண்டைக்கனம் இருந்தாலும் பக்தி இருக்கிறது என்று நான் மார்க் போட்டேன்.

ஐந்து தெரியும், ஆறு தெரியாது

ஒரு கல்யாண வரவேற்பில் அவர் காலடியை நாற்பது படம் எடுத்தேன். வீட்டுக்கு வந்து அளந்தேன். ஆறு பெட்டிகள். எல்லாமே கறுப்பு டேப். மூன்று வாரத்தில் ஐந்தைக் கண்டுபிடித்தேன். சுருதி பார்க்கும் பெட்டி, சமன் செய்யும் பெட்டி, கரகரப்புப் பெட்டி என்று வரிசையாகக் குழுவில் போட்டேன். அந்த ஐந்தில் ஒன்று மட்டும் கொஞ்ச நாள் தண்ணி காட்டியது. அவர் மெதுவான பாட்டில் இரண்டாம் சரணத்துக்கு முன்னால் மட்டும் அதைத் தட்டுகிறார் என்பதை வீடியோவில் பிடித்ததும், ஒரு ஸ்தாயி கீழே இன்னொரு குரலைச் சேர்க்கும் பெட்டி அது என்று முடிவானது. குழு என்னைத் தூக்கி வைத்துக் கொண்டாடியது.

ஆறாவது மட்டும் அகப்படவில்லை. உள்ளங்கை அளவு கறுப்புப் பெட்டி. திருகு இல்லை, அழுத்தப் பொத்தான் இல்லை. ஒரே ஒரு சிவப்பு விளக்கு. கச்சேரி முழுக்க அவர் அதைத் தொடவே இல்லை.

"எல்லா சவுண்டுக்கும் காரணம் அதுதான் சார்" என்று குழுவில் எழுதினார் பிரவீன். நாவலூரில் ஐடி வேலை, சனி ஞாயிறில் பேஸ். "தொடாம விட்டிருக்காருன்னா அதான் மெயின் மேட்டர். நீங்க எப்ப சொல்றீங்க?"

அதற்குக் கீழே இன்னொருவர் எழுதினார். ஓர் இசையமைப்பாளரின் வெளிநாட்டுக் கச்சேரிக்கு வாத்தியக்காரர்களைத் தேர்வு செய்கிற மனிதர் அவர். குழுவில் வாயே திறக்காதவர். "கஜாவை டூருக்கு யோசிச்சுட்டிருக்கோம். அந்தப் பெட்டி என்னன்னு எனக்கும் தெரிஞ்சாகணும்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குப் பதில் என்று அறிவித்துவிட்டேன்.

ரிஜெக்ட் செய்த ரிவெட்

நாற்பது படங்களையும் மறுபடி பெரிதாக்கிப் பார்த்தேன். கஜா அண்ணா ஒரு சிவப்புக் கம்பளத் துண்டின்மேல் நின்றிருந்தார். எல்லாரும் பெட்டியைத்தான் பார்த்தார்கள். நான் கம்பளத்தைப் பார்த்தேன். அதன் ஓரம் மேடையைவிட இரண்டு அங்குலம் உயரமாக இருந்தது. சிவப்பு விளக்குப் பெட்டியிலிருந்து ஒரு வயர் கம்பளத்துக்கு அடியில் போனது.

ஒரே ஒரு படத்தில் கம்பளத்தின் மூலை மடங்கியிருந்தது. உள்ளே ஒரு தகரப் பலகையின் முனை. முனைக்கு அடியில் பழைய டயரை வெட்டி ஒட்டிய ரப்பர், அதை இறுக்கி ஒரு ரிவெட் ஆணி. ரிவெட்டின் தலை கோணல்.

அந்தக் கோணல் தலையை நான் எங்கே பார்த்தாலும் அடையாளம் சொல்வேன். மூன்று தடவை ரிஜெக்ட் செய்தவன் நான். எங்கள் கம்பெனியிலிருந்து நாலாவது ஷெட்டில் இரும்பை வெட்டிப் பற்றவைக்கும் ஃபேப்ரிகேஷன் வேலை செய்யும் ஏழுமலையின் கைவேலை அது.

மறுநாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் போய் நின்றேன். ஏழுமலை வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"இன்னா சார், சோத்து டைம்லகூட ரிஜெக்ட் பண்ண வந்துட்டியா?"

ஃபோனில் படத்தைக் காட்டினேன். முகம் மலர்ந்துவிட்டது.

"அட, நம்ம பலகை! கஜா அண்ணனுக்குச் செஞ்சது. அடியில பெரிய ஸ்பீக்கரு ஒண்ண தலைகீயா மாட்டிக் குட்த்தேன். அந்தக் குட்டிப் பொட்டி அதுக்குக் கரண்டு குடுக்குது. அவரு வாசிச்சா பலகை நடுங்கும். மூணு தபா பிரிச்சு மாட்டினேன் சார். அவரு செருப்பக் கயட்டிட்டு மேல ஏறி நின்னுகினு, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்னாரு."

"எதுக்கு ஏழுமலை அது?"

"காலால பாட்டு கேக்கணும்னாரு சார்."

எனக்குப் புரியவில்லை. ஏழுமலை வெளியே எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"லெஃப்ட் காது சுத்தமா அவுட்டு சார். ரைட்டு அரகொறையா கேக்குது. இருவது முப்பது வருசமா டிரம்ஸ் பக்கத்துலயே நின்னாரு இல்ல? இப்போ அவரு வாசிக்கறது அவருக்கே கேக்கல. அந்தப் பலகை மேல நின்னாத்தான் தெரியுதாம். நீ வெளிய சொல்லிடாத சார். தெரிஞ்சா எவன் கூப்புடுவான்? பொயப்பே போயிடும்."

 பந்தியில் அவருடைய எந்தப் பக்கம் உட்கார்ந்தேன் என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. இடதுபக்கம். மண்டைக்கனம் என்று ஊரெல்லாம் எழுதிவைத்தேனே என்று அந்த ஷெட்டின் வாசலிலேயே அவமானத்தில் நின்றேன். வெறுங்காலுக்குப் பக்தி என்று மார்க் போட்ட புத்திசாலியும் நான்தான்.

ஞாயிறு ஐந்து மணி

சொல்லாமல் விட்டுவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் குழுவைத் திறந்தால் பகீரென்றது. அதற்குள் பிரவீன் பெட்டியைப் பெரிதாக்கிப் படம் போட்டு, வயர் எங்கே போகிறது என்று அம்புக்குறி போட்டிருந்தார். கம்பளத்துக்கு அவர் இன்னும் வரவில்லை, அவ்வளவுதான். இரண்டு நாள் விட்டால் வந்துவிடுவார். டூருக்கு ஆள் எடுக்கும் மனிதர் அதற்குக் கட்டைவிரல் உயர்த்தியிருந்தார். கண்டுபிடிக்கக் கற்றுக்கொடுத்ததே நான்தான். ஜாக் கால் அங்குலம் என்று பெருமையாக வகுப்பெடுத்தது நான்தானே.

வனஜாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "பாவம்ங்க அந்த மனுஷர்" என்றாள். அப்புறம், "நீங்க ஆரம்பிச்சீங்க, நீங்கதான் மூடணும்" என்றாள்.

ஞாயிறு ஐந்து மணிக்கு, மடங்கிய மூலை இருந்த படத்தை அழித்தேன். பிறகு குழுவில் எழுதினேன்: "ஆறாவது பெட்டி கண்டுபிடிக்கப்பட்டது. அது கொசு மெஷின். வெறுங்காலோடு வாசிக்கிறார் அல்லவா, கொசு கடிக்காமல் இருக்க மூடியைக் கறுப்பாக்கி வைத்திருக்கிறார். வயர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸுக்குப் போகிறது. விசாரித்து உறுதி செய்துவிட்டேன்."

 குழுவில் கொட்டியது பாருங்கள். சிரிப்புப் பொம்மைகள், கொசுப் படங்கள். "சார், இதுக்கா மூணு வாரம் அளந்தீங்க?" என்றார் பிரவீன். "இதுக்கு முன்னாடி சொன்ன அஞ்சும் குட்நைட்டா இருக்குமோ" என்றார் ஒருவர். குழுவின் முகப்புப் படத்தில் கிட்டாருக்குப் பதில் கொசுவைப் போட்டார்கள். டூருக்கு ஆள் எடுப்பவரும் ஒரு சிரிப்புப் பொம்மை போட்டுவிட்டு, பெட்டியைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டார். அன்றிலிருந்து தாம்பரம் வட்டாரத்து மேடைக்காரர்கள் மத்தியில்கூட எனக்குப் பெயர் கொசு சம்பத்.

வலித்தது. வலிக்கவில்லை என்று எழுதினால் அது பொய். நாலு பேர் என்னை மதித்த இடம் அது ஒன்றுதான்.

வனஜா குழுவை வாங்கிப் பார்த்தாள். "பொய் சொல்றதுதான் சொன்னீங்க, கொஞ்சம் கௌரவமா ஏதாவது சொல்லியிருக்கலாமே. ஜப்பான் பெட்டி, ஜெர்மன் பெட்டின்னு."

"கௌரவமா சொன்னா இன்னும் தோண்டுவாங்க வனஜா. கேவலமா சொன்னாதான் விட்டுடுவாங்க."

 அன்று சாயங்காலம் கேட்காமலேயே இரண்டாவது காபி வந்தது.

எழுதலாமா என்று கேட்டேன்

அப்படி மூடிய விஷயத்தை இப்போது பத்திரிகையில் எழுதுவானேன் என்று கேட்பீர்கள். கஜா அண்ணா அந்த டூருக்குப் போனார், வந்தார். அதற்குப் பிறகும் பலகையின்மேல் நின்று நிறைய வாசித்தார். போன மாதம் வலது காதில் மெஷின் மாட்டிக்கொண்டு, எல்லாரும் பார்க்க மேடை ஏறிவிட்டார். மைக்கைப் பிடித்து விஷயத்தையும் அவரே சொன்னார். இரண்டு இசைக்குழுக்காரர்கள் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள் என்று கேள்வி. மற்றவர்கள் கூப்பிடுகிறார்கள்.

எழுதலாமா என்று கேட்கப் போனேன். ஜாக்கிரதையாக வலதுபக்கம் உட்கார்ந்தேன். "எழுதிக்கோப்பா. என் கால் நல்ல கால்னு எழுது" என்றார்.

மறுபடி பொழிச்சலூர்

ஆனால் அந்த ஆடி மாதச் சாயங்காலத்தில் இது எதுவும் நடந்திருக்கவில்லை. நானும் அவரும் அதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. நான் சொன்ன பொய் அவருக்குத் தெரியுமா, தெரிந்தால் என்ன நினைப்பார், ஒன்றும் தெரியாது. ஏழுமலை மட்டும், "கால ஃபோட்டோ புடிக்கற நம்ம சம்பத் சாருதான் வந்து கேட்டாருன்னு அண்ணன்கிட்ட சொல்லிட்டேன் சார், மனசு கேக்கல" என்று இரண்டு நாள் முன்னால் தலையைச் சொறிந்திருந்தார். 

விமானம் போய், பாட்டு முடிந்தது. அறிவிப்பாளர் நன்கொடையாளர் பெயர்களை வாசிக்க ஆரம்பித்தார். மழை பெய்து ஓய்ந்த மண், பக்கத்திலேயே கால்வாய். கொசு பிடுங்கி எடுத்தது. முதல் வரிசை முழுக்க ஆளாளுக்குக் காலைத் தட்டிக்கொண்டிருந்தோம்.

கஜா அண்ணா கிட்டாரைத் தோளிலேயே விட்டுவிட்டு மெல்லக் குனிந்தார். பின்னால் இருந்த பையிலிருந்து எதையோ எடுத்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சொருகி, பாக்ஸோடு பெடல் வரிசைக்கு முன்னால், எல்லாருக்கும் தெரியும்படி வைத்தார். அதன்மேல் டேப் இல்லை. எந்த மளிகைக் கடையிலும் தொங்குகிற வெள்ளைப் பிளாஸ்டிக் சாமான்.

பிறகு நிமிர்ந்து முதல் வரிசையைத் தேடினார். என்னைக் கண்டுபிடித்தார். என் முகத்தைப் பார்த்தபடியே வலதுகால் பெருவிரலால் அதன் சுவிட்சைத் தட்டினார், பெடலைத் தட்டுவதுபோலவே. சிவப்பு விளக்கு எரிந்தது.

அவர் சிரிக்கவில்லை. தலையை மட்டும் ஒரு தடவை அசைத்தார். அடுத்த பாட்டுக்கு எண்ணிக்கை ஆரம்பித்தது, கண்ணை மூடிக்கொண்டார்.

எனக்குக் கண் கலங்கி மேடை மங்கலாகத் தெரிந்தது. பக்கத்து அம்மா நாற்காலியை மறுபடி என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டார்.

"அது இன்னா சார், அந்தாளு கால்ல செவப்பா லைட்டு எரியுது?"

"கொசு மெஷின்மா" என்றேன். இந்தத் தடவை அது உண்மை.